'செட்' என்ற ஆங்கிலச் சொல்லை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தாமிரபரணி:

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் எடுக்கிறேன். எல்லாரும் தமிழ்வழியில் படித்தவர்கள். நீளமான ஆங்கிலச் சொற்கள் அவர்களுக்குப் பெரிய தொல்லையாக இல்லை. அவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு பொருள்தான்; ஒருமுறை புரிந்தால் மனதில் நின்றுவிடும். திணறுவதெல்லாம் மூன்றே எழுத்தில் முடிகிற குட்டிச் சொற்களில்தான். அதில் முதலிடம் 'செட்'.

ஒரே நாள் ஆங்கிலச் செய்தித்தாளில் பாருங்கள். சூரியன் 'செட்' ஆகிறது. உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவை 'செட் அசைடு' செய்கிறது. ஒரு படம் வெள்ளிக்கிழமை வெளிவர 'செட்' ஆக இருக்கிறது. டென்னிஸ் வீராங்கனை இரண்டாவது 'செட்'டை இழக்கிறார். கேரளத்தில் பருவமழை 'செட் இன்' ஆகிறது. ஐந்தும் ஒரே சொல் என்று சொன்னால் பிள்ளைகள் என்னை நம்பமாட்டேன் என்கிறார்கள்.

1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு இந்த வினைச்சொல்லுக்குத்தான். தனி வினைக்கு மட்டும் 430 பொருள்கள், கூட்டுத் தொடர்களையும் சேர்த்தால் சுமார் 580, விளக்கத்துக்கு ஏறத்தாழ 60,000 சொற்கள். இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இத்தனை பொருளுக்கும் அடியில் ஏதாவது ஒரு சரடு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சொல்:

நல்ல கேள்வி டீச்சர். சரடு உண்டு, ஆனால் ஒன்றில்லை, இரண்டு.

முதலில் வினைச்சொல். பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்றால் உட்கார்தல். 'செட்டன்' என்றால் உட்காரச் செய்தல். அதாவது 'சிட்' தன்வினை, 'செட்' அதன் பிறவினை. இது நமக்கு மிகவும் பழக்கமான இலக்கணம்தானே. இரு, இருத்து. அமர், அமர்த்து. வீழ், வீழ்த்து. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட இணைகள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. 'ஃபால்' விழுதல், 'ஃபெல்' மரத்தை வீழ்த்துதல். 'ரைஸ்' எழுதல், 'ரெய்ஸ்' எழுப்புதல். 'லை' கிடத்தல், 'லே' கிடத்துதல். 'ட்ரிங்க்' குடித்தல், 'ட்ரென்ச்' முதலில் குடிக்கச் செய்தல், பிறகு முழுக்க நனைத்தல். எல்லாவற்றிலும் உயிரெழுத்து மாறி வினை பிறவினையாகிறது. ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கே இன்று இந்த உறவு கண்ணில் படாது. தமிழ்ப் பிள்ளைக்குச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் நம் மொழியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

எனவே 'செட்' என்றால் அடிப்படையில் 'இருத்து'. ஒன்றை அதற்குரிய இடத்தில், அங்கேயே நிற்கும்படி வைப்பது. மோதிரத்தில் கல் பதிப்பதும் அதுவே, விலகிய எலும்பைப் பொருத்துவதும் அதுவே, கடிகாரத்தில் முள்ளைச் சரியான நேரத்தில் வைப்பதும் அதுவே.

இரண்டாவது, பெயர்ச்சொல். டீ செட், நகை செட், கணிதத்தில் வரும் செட், 'நம்ம செட்டுப் பசங்க' என்று சொல்கிறோமே அந்த செட். இது வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்பற்றுகிற கூட்டம். பழைய பிரெஞ்சில் அது 'செட்' என்று தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' என்ற ஆங்கிலச் சொல் இதன் உடன்பிறப்பு. வேறு வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்ததால், 'சேர்த்து வைக்கப்பட்ட தொகுப்பு' என்று மக்கள் மனதில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அகராதியில் தனித்தனிப் பதிவு. பேச்சில் ஒரே சொல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'சிட்', 'செட்', 'சீட்', 'செட்டில்', குதிரைச் சேணத்தைக் குறிக்கும் 'சாடில்' எல்லாமே ஒரு குடும்பம். அதே இந்தோ-ஐரோப்பிய வேர் சமஸ்கிருதத்தில் 'சத்' என்று இருக்கிறது, பொருள் உட்கார்தல். உபநிஷத், பரிஷத், வித்வத் சதஸ் எல்லாவற்றிலும் இருப்பது அந்த வேர்தான்.

நிரலாளர்:

பழஞ்சொல் ஐயா, இதைப் படித்ததும் என் வேலையையே வேறு கண்ணால் பார்க்கிறேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் 'செட்' என்று ஒரு தரவு வகை உண்டு. ஒரே மதிப்பை எத்தனை முறை போட்டாலும் ஒன்றாகத்தான் வைத்துக்கொள்ளும், வரிசையும் கிடையாது. கணிதத்தில் கேன்டர் வகுத்த கோட்பாட்டிலிருந்து நேரே வந்தது. அதே நிரலில் 'செட்டர்' என்று ஒன்றை எழுதுவோம், ஒரு மாறிக்குள் மதிப்பைப் போடுகிற செயல்பாடு. கணினித் தகவலின் மிகச் சிறிய அலகான 'பிட்'டை 1 ஆக்குவதற்கும் 'செட்' என்றுதான் பெயர், 0 ஆக்கினால் 'கிளியர்'. நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் முதல் 'செட்' லத்தீன் கூட்டம், இரண்டாவது 'செட்' பழைய ஆங்கில இருத்து. இரண்டும் ஒரே கோப்பில், அடுத்தடுத்த வரியில்.

பழஞ்சொல்:

ஆமாம் தம்பி. வாலிபாலும் அப்படித்தான். அடிப்பவருக்கு வாகாகப் பந்தைத் தூக்கி வைப்பவர் 'செட்டர்', அது இருத்து. 25 புள்ளி எடுத்து வெல்வது 'செட்', அது தொகுப்பு.

வடமராட்சி:

கணிதப் பேச்சு வந்தபடியால் ஒன்று. இலங்கையில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதத்திலே இதனைத் 'தொடை' என்று படித்தோம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'கணம்' என்று இருக்கிறது. ஜெர்மன்காரரான கேன்டர் இதற்கு வைத்த பெயர் 'மெங்கெ', வெறுமனே 'ஒரு திரள்' என்ற பொருளில். மூன்று பெயரும் மூன்று பக்கத்தைப் பிடித்திருக்கின்றன. 'கணம்' கூட்டத்தைச் சொல்கிறது, சிவகணம் என்கிற மாதிரி. 'தொடை' தொடுத்ததைச் சொல்கிறது. எனக்குத் தொடைதான் பிடிக்கும், ஆனாலும் தொடுத்த பூவுக்கு ஒரு வரிசை உண்டு, கணிதத் தொடைக்கு வரிசை இல்லை. அந்த அளவில் 'கணம்' கூடப் பொருத்தம் என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மணிமுத்தாறு:

எல்லாம் சுவையாக இருக்கிறது, ஆனால் நான் மாறுபடுகிறேன். நானும் ஆங்கில ஆசிரியர்தான். தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு லத்தீன் எதற்கு? 'செட் அப்' என்றால் நிறுவு, 'செட் அவுட்' என்றால் புறப்படு என்று சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் எழுத வைத்தால் வந்துவிடும். வேர்ச்சொல் விளக்கம் கேட்கும்போது புரிந்த மாதிரி இருக்கும், எழுதும்போது கை கொடுக்காது. 'இருத்து' என்பதிலிருந்து 'புறப்படு' எப்படி வரும்? இருத்துவதும் கிளம்புவதும் நேர் எதிர் அல்லவா?

பழஞ்சொல்:

எதிர் மாதிரித் தெரிவது உண்மைதான். 'செட் ஃபோர்த்', 'செட் அவுட்', 'செட் ஆஃப்' மூன்றிலும் தன்னைத்தானே ஒரு பாதையில் இருத்துவது என்ற எண்ணம் இருக்கிறது. இரண்டாம் பாதி, அதாவது 'அவுட்', 'ஆஃப்', 'அப்', 'இன்', 'பேக்', 'அசைடு' ஆகியவைதான் திசையைக் காட்டுகின்றன. வெளியே, விட்டு, மேலே, உள்ளே, பின்னே, ஓரமாக. பிள்ளைகள் 'செட்'டை மட்டும் உற்றுப் பார்ப்பதால்தான் குழம்புகிறார்கள். பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாமிரபரணி:

மணிமுத்தாறு சார், நீங்கள் சொல்கிற வாக்கியப் பயிற்சியும் வேண்டும்தான், நானும் செய்கிறேன். எனக்கு உள்ள கவலை, பயிற்சியில் வராத பயன்பாடு தேர்வில் வந்தால் பிள்ளை நின்றுவிடுகிறது என்பதுதான். அடிக்கருத்து தெரிந்தால் ஊகிக்கவாவது முடியும்.

வைகைக்கரை:

இருத்து என்பதைவிட எளிய ஒரு தமிழ்ச்சொல் நம் வாயில் ஏற்கனவே இருக்கிறதே. வை.

அலாரம் வை. தீ வை. கண்ணி வை. விலை வை. தேர்வு வை. கோழிக்கு முட்டை வைத்து அடை வை. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'செட்' வரும். அலாரத்தை 'செட்' செய்வார்கள், வீட்டுக்குத் தீயை 'செட்' செய்வார்கள், பொறியை 'செட்' செய்வார்கள், வினாத்தாளை 'செட்' செய்வார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. தமிழில் 'வை' துணைவினையாகவும் வருகிறது. சிரிக்க வைத்தான், அழ வைத்தாள், யோசிக்க வைத்தது. ஆங்கிலத்திலும் 'தட் செட் மீ திங்கிங்' என்றால் 'அது என்னை யோசிக்க வைத்தது' என்றே பொருள். ஓரிடத்தில் வைப்பதைச் சொல்கிற வினை, ஒரு நிலையில் வைப்பதைச் சொல்லத் தொடங்கி, கடைசியில் 'செய்ய வைப்பது' என்ற இலக்கணக் கருவியாகிவிடுகிறது. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில் ஒரே மாதிரி நடந்திருக்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். பெயர் வை, குழம்பு வை, பொட்டு வை எதற்கும் 'செட்' வராது. அதே மாதிரி விடுதலை செய்வதற்கு ஆங்கிலத்தில் 'செட் ஃப்ரீ' என்பார்கள், நாம் அங்கே 'வை' போடமாட்டோம்.

கரும்புக்காடு:

நான் விவசாயி. எங்கள் பக்கம் வரும் வேளாண் அலுவலர்கள் 'ஃப்ரூட் செட்' குறைவு என்பார்கள். பூத்த பூவில் எத்தனை காயாகப் பிடித்தது என்பதுதான் கணக்கு. நாம் 'காய் பிடித்தல்' என்று சொல்கிறோம். மாவில் பூ ஏராளமாகப் பூக்கும், மிகச் சிறு பங்குதான் காயாக நிற்கும், அதனால் மாமரத்துக்காரர்கள் இந்தச் சொல்லை அடிக்கடி கேட்பார்கள். பூ உதிராமல் காயாக நிலைத்தது என்பதால் இதுவும் இருத்து, வை குடும்பம்தான் என்று நினைக்கிறேன்.

கரும்பில் நடுவதற்கு வெட்டும் துண்டு கரணை. ஆங்கிலப் புத்தகத்தில் அதற்கும் 'செட்' என்றுதான் போட்டிருக்கிறது, ஆனால் கடைசியில் 'டி' இரண்டு முறை வரும். ஒரு பரு, இரண்டு பரு, மூன்று பரு உள்ள கரணை என்று வகை பிரிப்பார்கள். அதுவும் நிலத்தில் வைப்பதால் வந்த பெயரா?

பழஞ்சொல்:

ஆமாம், நடுவதற்கு வைக்கும் துண்டு என்பதால்தான். வெங்காயத்தில் நடவுக்கு வைக்கும் சின்னஞ்சிறு காயையும் 'ஆனியன் செட்' என்பார்கள், அதற்கு எழுத்து ஒற்றை. இரட்டை எழுத்துக்காரர் இன்னும் இரண்டு பேர் உண்டு. தெருவில் பாவும் கருங்கல் கட்டி ஒன்று, இங்கிலாந்தில் பேட்ஜர் என்ற விலங்கு தோண்டிக் குடியிருக்கும் வளை மற்றொன்று.

வைகைக்கரை அடைகாப்பதைச் சொன்னார், அதைப் பிடித்துக்கொண்டு சூரியனுக்குப் போகலாம். டீச்சரின் பட்டியலில் இன்னும் விடை சொல்லாதவற்றில் அதுவும் ஒன்று. சூரியன் 'செட்' ஆவதில் யாரும் எதையும் வைக்கவில்லை, சூரியன் தானே போகிறது. பழைய ஆங்கிலத்தில் அந்தி நேரத்துக்கு 'செட்ல்காங்' என்று ஒரு சொல் இருந்தது. 'செட்ல்' என்றால் இருக்கை, 'காங்' என்றால் போதல். சூரியன் தன் இருக்கைக்குப் போகிறது. நம் ஊரில் 'பொழுது அடைந்தது' என்கிறோம். கோழி பஞ்சாரத்தில் அடைகிறது, பறவை கூட்டில் அடைகிறது, பொழுதும் அடைகிறது. நம்முடைய எண்ணமும் அவர்களுடைய எண்ணமும் இதில் அப்படியே ஒத்துப்போவதைப் பார்த்தால் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கிறது. அடைகாக்கும் கோழிக்கு ஆங்கிலக் கிராமங்களில் 'செட்டிங் ஹென்' என்று பெயர்.

கட்டுமானம்:

சிவில் ஆள் நான். இந்தச் சொல் இல்லாமல் எங்களுக்கு ஒரு நாளும் ஓடாது, அதுவும் மூன்று விதமாக.

முதலாவது, வேலை தொடங்கும் நாளில் வரைபடத்தில் இருப்பதை மனையில் கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுவது. புத்தகத்தில் 'செட்டிங் அவுட்'. புறப்படுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெளியே எடுத்து வைப்பது என்ற நேர்ப்பொருள். கடையில் பொருளைப் பரப்பி வைப்பதற்கும், கட்டுரையில் காரணங்களை எடுத்து வைப்பதற்கும் அதே 'செட் அவுட்' வரும்.

இரண்டாவது 'செட் பேக்'. செய்தித்தாளில் ஒரு கட்சிக்குப் பின்னடைவு என்றால் இதே சொல். எங்களுக்கு, மனையின் எல்லையிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய இடைவெளி. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம் இவற்றைப் பொறுத்து இதற்கு அளவு சொல்லியிருக்கிறார்கள். பின்னால் தள்ளி வைப்பது என்ற கருத்து இரண்டிலும் ஒன்றுதான்.

மூன்றாவதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை. சிமென்ட் 'செட்' ஆவது. பலரும் இதைக் 'காய்வது' என்று மொழிபெயர்க்கிறார்கள். அது தவறான கருத்தைக் கொடுத்துவிடும். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வேதிவினை புரிந்து இறுகுகிறது. தண்ணீருக்குள்ளேயே கூட இறுகும். காய்ந்துபோனால் வினை நின்று வலிமை குறையும், அதனால்தான் தளம் போட்ட பிறகு தண்ணீர் தேக்கி வைக்கிறோம்.

அடுத்து, 'செட்' ஆவதும் வலுவடைவதும் வேறு வேறு. குழைவாக இருந்த கலவை இனி வளையாது என்ற நிலைக்கு வருவது 'செட்டிங்'. அதற்குப் பிறகு நாள் கணக்கில் வலு ஏறுவது 'ஹார்டனிங்'. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு இந்தியத் தரநிலைப்படி தொடக்க இறுகல் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, இறுதி இறுகல் நேரம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. விகாட் கருவி என்று ஒன்று இருக்கிறது, அதன் ஊசி கலவைக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து இதைச் சொல்வோம். கான்கிரீட்டின் வலிமையையோ 28ஆம் நாளில் சோதிக்கிறோம். கலவை சட்டென்று இறுகிவிடாமல் இருக்கத்தான் ஆலையிலேயே ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள்.

எங்கள் கொத்தனார்கள் 'செட் ஆயிடுச்சு' என்று சொல்லும்போது இந்த வேறுபாட்டைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். 'செட் ஆயிடுச்சு, ஆனா இன்னும் பச்சையாத்தான் இருக்கு' என்பார்கள். ஜெல்லி 'செட்' ஆவது, தயிர் 'செட்' ஆவது எல்லாமும் இதே பொருள். குழைவானது அசையாமல் இருந்துவிடுகிறது.

தாமிரபரணி:

இந்த விளக்கத்தை அப்படியே வகுப்பில் சொல்வேன். 'பச்சையா இருக்கு' என்பதை வைத்தே 'செட்டிங்'குக்கும் 'ஹார்டனிங்'குக்கும் வேறுபாடு காட்டிவிடலாம்.

கோவை கணக்கு:

வருமான வரி வேலை பார்க்கும் எங்களுக்கு 'செட் ஆஃப்' என்றால் ஒரே பொருள்தான், நட்டத்தை லாபத்தில் கழித்துக்கொள்வது. 2026 ஏப்ரலில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 70, 71, 72ஆம் பிரிவுகள் இதற்கானவை. குறுகிய கால மூலதன நட்டத்தைக் குறுகிய கால, நீண்ட கால மூலதன லாபம் இரண்டிலும் கழிக்கலாம். நீண்ட கால மூலதன நட்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். வியாபார நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் இதை 'ஆஃப் பண்ணிவிடுவது', அதாவது இல்லாமல் ஆக்குவது என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு தட்டில் இருப்பதற்கு எதிராக மறுதட்டில் வைப்பது. நட்டம் மிச்சமிருந்தால் அது மறைந்துபோகாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லலாம்.

வழக்குரைஞர் திருச்சி:

நீதிமன்றத்திலும் 'செட் ஆஃப்' உண்டு. பணம் கேட்டு வழக்குப் போட்டவர் எதிராளிக்குத் திட்டமான ஒரு தொகை தரவேண்டியிருந்தால், எதிராளி அதைக் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 8, விதி 6.

டீச்சர் கேட்ட 'செட் அசைடு' பற்றிச் சொல்கிறேன். சாதாரண ஆங்கிலத்தில் பணத்தையோ நேரத்தையோ 'செட் அசைடு' செய்தால் பின்னால் பயன்படுத்த ஒதுக்கி வைப்பது, அதாவது காப்பாற்றுவது. சட்டத்தில் ஒரு தீர்ப்பை 'செட் அசைடு' செய்தால் அது செல்லாமல் போகிறது. ஒன்று வாழ வைக்கிறது, மற்றது சாகடிக்கிறது. ஓரமாக எடுத்து வைப்பது என்ற செயல் இரண்டிலும் ஒன்றுதான், எதற்காக வைக்கிறோம் என்பதுதான் மாறுகிறது. எதிர்த்தரப்பு வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை நீக்கக் கேட்பது கட்டளை 9, விதி 13. நடுவர் தீர்ப்பை நீக்கக் கேட்பது 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. இரண்டிலும் ஆங்கில மூலத்தில் 'செட் அசைடு' என்றே இருக்கிறது. பத்திரிகைகளில் இதை 'ஒதுக்கி வைத்தது' என்று மொழிபெயர்த்தால் வாசகர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். 'ரத்து செய்தது' என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொரு சொல்லும் பாருங்கள். ஏல அறிவிப்பில் 'அப்செட் பிரைஸ்' என்று வரும். யாருக்கும் மனவருத்தம் இல்லை, ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை அது. ஏன் இந்தப் பெயர் என்று யாராவது சொல்ல முடியுமா?

பழஞ்சொல்:

முடியும். 15ஆம் நூற்றாண்டில் 'அப்செட்' என்றால் நிமிர்த்தி நிறுத்துவது. இன்றைய 'செட் அப்' இருக்கிறதே, அதன் பழைய வடிவம். கவிழ்ப்பது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது, மனம் கலங்குவது அதையும் ஒட்டி. பழைய பொருள் பொதுப்பேச்சில் செத்துவிட்டாலும் ஏலக் கூடத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 'நிறுத்தி வைத்த விலை' என்று வாசித்தால் சரியாக வரும்.

சிவகாசி அச்சு:

எங்கள் தொழிலே 'ஆஃப்செட்' தானே, நானும் சேர்ந்துகொள்கிறேன். பிளேட்டில் இருக்கும் மை நேரே தாளுக்குப் போகாது. முதலில் ரப்பர் பிளாங்கெட்டில், அதாவது உருளையைச் சுற்றிய ரப்பர் விரிப்பில் இறங்கி, அதிலிருந்துதான் தாளுக்கு. அப்படி எடுத்து இன்னொன்றின் மேல் வைப்பதால் 'ஆஃப்செட்'. தாளுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஐரா ரூபல், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

இதையே திருப்பிப் போட்டு 'செட் ஆஃப்' என்றால் எங்களுக்குத் தொல்லை. அச்சடித்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, ஈர மை மேல் தாளின் முதுகில் ஒட்டிவிடும். அதைத் தடுக்க மெல்லிய பொடி தூவுவோம். மை தாளில் நன்றாகப் பிடித்துவிட்டால் 'மை செட் ஆயிடுச்சு' என்போம். ஒரே சொல்லில் மூன்று. ஈய எழுத்துக் காலத்துப் பெரியவர்களுக்கு அச்சுக் கோப்பதும் 'செட்டிங்' தான்.

வைகைக்கரை:

தமிழுக்குள் வந்த 'செட்'டையும் ஒருமுறை தொட்டுவிடலாமே. மைக் செட், பம்ப் செட், செட் தோசை, செட் போட்டு எடுத்த படம். இவை தொகுப்பு அல்லது அமைப்பு. 'அந்த வேலை எனக்கு செட் ஆகல' என்பது மட்டும் நாமே வளர்த்துக்கொண்ட பொருள். ஆங்கிலத்தில் அப்படி எழுதினால் புரியாது, அங்கே 'சூட்' என்று வர வேண்டும். பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் இதைச் சொல்லிவிடக்கூடாது.

அப்புறம், மாட்டுச் செட்டு, லாரி செட்டு என்று சொல்வது 'ஷெட்', இந்தச் சொல்லே இல்லை. 'கட்டுச் செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்' என்பதில் வரும் செட்டு சிக்கனத்தைக் குறிக்கும் நம் பழைய சொல். இதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மணிமுத்தாறு:

அடிக்கருத்து உதவும் என்பதை இவ்வளவு படித்த பிறகு மறுக்கவில்லை. ஆனாலும் வேர் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது, அதன் மணம். 'செட் இன்' எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்து நிலைத்தல். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் 'செட் இன்' ஆகும் வழக்கமான நாள் ஜூன் 1 என்று வானிலைத் துறை சொல்கிறது. அதைத் தவிர்த்தால் பெரும்பாலும் வேண்டாத விஷயங்களுக்குத்தான் இது வரும். அழுகல், தொற்று, குளிர், பீதி, சோர்வு. 'மகிழ்ச்சி செட் இன் ஆனது' என்று எழுதினால் இலக்கணம் சரி, காது ஏற்காது. இதை நிறைய வாசித்துத்தான் பெற முடியும். 'செட் அபவுட்' வந்தால் பின்னால் 'இங்' வடிவம், 'செட் அவுட்' ஒரு நோக்கத்தோடு வந்தால் பின்னால் 'டூ'. இதையும் எழுதி எழுதித்தான் பழக வேண்டும்.

பழஞ்சொல்:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன் ஐயா. ஒரு திருத்தம் மட்டும் டீச்சருக்கு. மிக நீளமான பதிவு என்ற பெருமை இப்போது 'செட்'டிடம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் புதிய திருத்தத்தில் 'ரன்' முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் பல மாதங்கள் உழைத்து அதன் வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்தார்; 2011இல் அது செய்தியாக வந்தது. வண்டி ஓடுவது, இயந்திரம் ஓடுவது, கணினியில் நிரல் ஓடுவது, கடை ஓட்டுவது, தேர்தலில் நிற்பது என்று இயந்திரக் காலம் அந்தச் சொல்லை வீங்க வைத்துவிட்டது.

புதுவை வாசகி:

இழை முழுவதும் படித்தேன். ஒரு சின்னக் கேள்வி. இதற்கு மட்டும் ஏன் இறந்தகாலத்துக்குத் தனி வடிவம் இல்லை? நிகழ்காலம், இறந்தகாலம், எச்சம் மூன்றும் 'செட்' தான். வாசிக்கும்போது எப்படிப் பிரிப்பது?

பழஞ்சொல்:

'கட்', 'புட்', 'ஹிட்', 'லெட்', 'ஷட்' எல்லாமே இப்படித்தான். இறந்தகால விகுதியாக வரும் 'ட' ஒலி, வேரின் கடைசியில் ஏற்கனவே இருக்கும் 'ட்' ஒலியோடு கரைந்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் 'செட்டெ' என்று ஓர் உயிரொலி மிச்சம் இருந்தது, பிற்பாடு அதுவும் உதிர்ந்தது.

பிரிப்பதற்கு வழி இருக்கிறது. 'ஹி', 'ஷி', 'இட்' அல்லது ஒரே ஆள் எழுவாயாக வந்து, வினையில் 'ஸ்' இல்லாமல் 'செட்' மட்டும் நின்றால் அது இறந்தகாலம். நிகழ்காலமாக இருந்தால் 'செட்ஸ்' என்று வந்தாக வேண்டும். 'ஐ', 'வி', 'தே' வந்தால் வினையை வைத்துச் சொல்ல முடியாது. 'நேற்று', 'தினமும்' போன்ற காலச்சொல் எங்காவது இருக்கிறதா என்று தேட வேண்டும், அல்லது அடுத்த வாக்கியத்தின் வினையைப் பார்க்க வேண்டும். 'இஸ்', 'ஆர்' இவற்றுக்குப் பின்னால் 'செட் டூ' என்று வந்தால் அது இறந்தகாலமே இல்லை, நடக்கப்போவது. டீச்சர் சொன்ன வெள்ளிக்கிழமைப் படம் அந்த வகை.

தாமிரபரணி:

இதுவும் என் பிள்ளைகள் தடுமாறுகிற இடம்தான். நாளைக்கு ஒரு செய்தித்தாள் பக்கத்தைக் கொடுத்து, 'செட்' வரும் இடத்திலெல்லாம் பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல்லையும் எழுவாயையும் வட்டம் போடச் சொல்லப்போகிறேன். பொருளை அப்புறம் கேட்கிறேன். எல்லாருக்கும் நன்றி.